சும்மா நடந்த அக்கா

எதிர்வீட்டு அக்காவை நான் முதன்முதலில் பார்த்தது முதுகுப் பக்கமாகத்தான். உத்தமபாளையத்தில் அந்தத் தெருவுக்குக் குடிவந்த மறுநாள் காலை, வாசல் தெளிக்கக் கதவைத் திறந்தால், ஒருவர் கையில் தூக்குவாளியோடு தெருமுனையைத் தாண்டிக்கொண்டிருந்தார். பஸ்ஸைத் தவறவிடப் போகிறவர் மாதிரி விசுக்கு விசுக்கென்று நடை. பாலுக்குப் போகிறார் போல, வீட்டில் குழந்தை அழுகிறதோ என்னவோ என்று நினைத்துக்கொண்டேன். ஒரு மணி நேரம் கழித்து அதே வேகத்தில் திரும்பி வந்தார்.

ஒரு வாரம் கவனித்தேன். அடுத்தவர் வீட்டைக் கவனிப்பது எனக்குக் கைவந்த கலை. அவர் வீட்டுப் பாலைப் பால்காரர் வாசலிலேயே ஊற்றிவிட்டுப் போவதையும் பார்த்தேன். அப்புறம் எதற்குத் தூக்கு? எட்டாம் நாள் பொறுக்க முடியாமல் கேட்டேவிட்டேன். அவர் மூடியைத் திறந்து காட்டினார். உள்ளே ஒன்றும் இல்லை.

"சும்மா நடக்கப் போறேன்னு சொன்னா ஊரு விடுமா ஆத்தா? கையில தூக்கு இருந்தா ஒரு ஆளு கேக்க மாட்டான்" என்றார்.

அக்காவுக்கு அப்போது முப்பத்தைந்து வயதிருக்கும். அவருடைய வீட்டுக்காரர், நாங்கள் அண்ணன் என்று கூப்பிடுவோம், மாட்டுத்தீவனக் கடை வைத்திருந்தார். ஏழாவது படிக்கிற ஒரே மகள். மாமியாரும் கூடவே இருந்தார். எனக்கு இருபத்தாறு வயது, இடுப்பில் இரண்டு வயது மகள். ஒரு வக்கீல் ஆபீஸில் டைப்பிஸ்ட். காலையில் நாற்காலியில் உட்கார்ந்தால் மத்தியானச் சோற்றுக்குத்தான் எழுந்திருப்பேன், அதையும் நாற்காலிக்கே கொண்டுவந்து தந்தால் நன்றாக இருக்கும் என்று நினைக்கிற ரகம்.

அக்கா பிறந்தது வருசநாட்டுப் பக்கம். அவருடைய அப்பாவுக்கு மலையடிவாரத்தில் இலவந்தோப்பு இருந்தது. பள்ளிக்கூடத்துக்கு நடை, தோப்புக்கு நடை, காய் பறிக்கிற நாட்களில் ஆட்களுக்குச் சோறு சுமந்துகொண்டு நடை. அங்கே அதை யாரும் நடப்பதாகவே நினைத்ததில்லையாம்.

"கல்யாணமாகி இங்கன வந்த மறுமாசமே என் காலு ரெண்டும் வேற யாரோடதோ மாதிரி ஆயிப்போச்சு. கடை கண்ணிக்கு அவுக போயிருவாக. தண்ணி குழாயில வருது. மாவு மிசினுல அரைக்குது. நான் எங்கிட்டுத்தான் நடக்க?" என்பார்.

எனக்கு நேர்மாறு. ஏழாம் வகுப்பில் நூறு மீட்டர் ஓடி இரண்டாவதாக வந்து, ஒரு பச்சைக் கலர் சோப்பு டப்பா பரிசு வாங்கியவள்தான் நானும். அடுத்த வருடம் பெரிய மனுஷியானேன். "குதிச்சுக்கிட்டுத் திரியாத, பாக்குறவுக என்ன சொல்லுவாக" என்றார் அம்மா. பி.டி. பீரியடைக் கணக்கு டீச்சர் பிடுங்கிக்கொள்ளாத நாட்களில், வயிற்றுவலி என்று சொன்னால் மரத்தடியில் உட்கார விட்டார்கள். மாதத்தில் நான்கு வாரமும் எனக்கு வயிற்றுவலிதான், ஒருவரும் ஏன் என்று கேட்டதில்லை. ஓட்டமும் ஆட்டமும் சின்னப் பிள்ளைகளுக்கும் போலீஸ் வேலைக்கு எழுதிப் போட்டிருக்கிற பையன்களுக்கும் உரியவை என்று அந்த மரத்தடியில் உட்கார்ந்துதான் நான் படித்தேன். நான் உட்காரச் சாக்குத் தேடியவள், அக்கா நடக்கச் சாக்குத் தேடியவர். அதனால்தானோ என்னவோ, ஆரம்பத்திலிருந்தே அவர்மேல் எனக்குப் பிரியமும் இருந்தது, உள்ளுக்குள் ஒரு எரிச்சலும் இருந்தது.

அவருடைய சாக்குகளை வைத்துக் கிழமை சொல்லிவிடலாம். வெள்ளிக்கிழமை என்றால் கையில் அர்ச்சனைத் தட்டு. பக்கத்திலேயே கோயில் இருக்க, ஊர்க்கோடியில் இருக்கிற கோயிலுக்குத்தான் போவார். சனிக்கிழமை நல்லெண்ணெய்ப் பாட்டில். மற்ற நாட்களுக்குத் தூக்கு. அதுவும் ஒரு ஆடி மாதத்தோடு முடிந்தது. எங்கள் பள்ளத்தாக்கில் ஆனி, ஆடிக் காற்று லேசாக அடிக்காது, சைக்கிளில் போகிறவரை இறக்கித் தள்ளிக்கொண்டு போக வைக்கும். ஆற்றங்கரை ரோட்டில் அந்தக் காற்று தூக்கின் மூடியைப் பிடுங்கி உருட்டிக்கொண்டுபோய் யாருடைய திராட்சைப் பந்தலுக்குள்ளோ போட்டுவிட்டது. பந்தலுக்குள் குனிந்து தேடியும் கிடைக்காமல், மூடியில்லாத தூக்கோடு திரும்பி வந்தார். வாசலில் நின்ற அத்தனை பேரும் அந்த வெறும் தூக்குக்குள் எட்டிப் பார்த்தோம்.

மறுநாள் இரண்டு கையையும் வீசிக்கொண்டு போனார். "எம்புட்டு நாளைக்குத்தான் வெறும் பாத்திரத்தச் சுமக்குறது?" என்றார். அடுத்த மாதம் தேனிக்குப் போனவர், பள்ளிக்கூடப் பையன்கள் போடுகிற வெள்ளை கேன்வாஸ் ஷூ ஒரு ஜோடி வாங்கி வந்தார். நூல் சேலை, கீழே வெள்ளை ஷூ. தெரு சிரித்தது. முதலில் சிரித்தது நான்.

நடுவில் எங்கும் நிற்காத பஸ்ஸுக்கு எங்கள் ஊரில் பாயிண்ட் டு பாயிண்ட் என்று சொல்வோம். அந்தப் பட்டத்தை அக்காவுக்குக் கட்டியதும் நான்தான். இரண்டே நாளில் தெரு முழுக்கப் பரவி அவர் காதுக்கும் போய்விட்டது. "நல்ல பேருதான். நிறுத்தத்துக்கு நிறுத்தம் நின்னு வாய் பாத்துட்டுப் போற டவுன் பஸ்ஸுன்னு சொல்லலியே" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். யார் டவுன் பஸ் என்று எனக்குப் புரிந்தது.

ஒரு பொங்கலுக்கு எங்கள் தெருவில் விளையாட்டுப் போட்டி வைத்தார்கள். ஆண்களுக்கு வாலிபால், ஓட்டம், மெதுவாகச் சைக்கிள் ஓட்டுவது. பெண்களுக்குக் கோலம். "ஏன்யா, பொம்பளைகளுக்கு ஓட்டம் வைக்க மாட்டீகளா?" என்று அக்கா போய் நின்றார். பையன்கள் தலையைச் சொறிந்துவிட்டு, வாயில் ஸ்பூனைக் கவ்விக்கொண்டு அதில் எலுமிச்சம்பழத்தை வைத்து நடக்கிற போட்டி வைத்தார்கள். "பழத்தைப் பாக்குறதா, ஓடுறதா?" என்று முணுமுணுத்துக்கொண்டே அக்கா வரிசையில் நின்றார். விசில் ஊதியதும் மூன்றாவது எட்டில் பழம் விழுந்துவிட்டது. பழம் விழுந்தால் மற்ற பெண்கள் அங்கேயே நின்று வெட்கப்பட்டுச் சிரிப்பார்கள். அக்கா ஸ்பூனைக் கையில் எடுத்துக்கொண்டு, சேலையை ஒரு கையால் தூக்கிப் பிடித்து, கோட்டைத் தாண்டும்வரை ஓடினார். மைக்கைப் பிடித்திருந்த பையன், "அக்கா, நீங்க அவுட்டு" என்று கத்திக்கொண்டே இருந்தான். மூச்சு வாங்க எங்களிடம் வந்து, "அவுட்டா இருந்தா இருந்துட்டுப் போறேன். ஓடி முடிச்சுட்டேன்ல" என்றார். அந்த முகத்தை நான் மறக்கவில்லை. நாற்பது வயதை நெருங்குகிற ஒருத்தி அப்படிச் சந்தோஷப்பட முடியும் என்பதே எனக்கு அப்போது கொஞ்சம் அசிங்கமாகத்தான் பட்டது. இப்போது அப்படி நினைத்ததற்காக வெட்கப்படுகிறேன்.

என்னையும் நடக்கக் கூப்பிட்டார். ஒரு வருடம் விடாமல் கூப்பிட்டார். "வா புள்ள, உக்காந்து உக்காந்து நாற்காலி மாதிரியே ஆயிட்ட" என்பார். தொந்தரவு தாங்காமல் மூன்று நாள் போனேன். ஆற்றங்கரை ரோடு, இரண்டு பக்கமும் நெல்வயல், அப்புறம் திராட்சைப் பந்தல், எதிரே மேற்குமலை. நான் தெருவில் நடந்த ஒரு சண்டையைப் பற்றி ஆரம்பித்தேன். "நடக்கும்போது பேசாத. அடுத்த வீட்டுக் கதைக்கெல்லாம் மூச்சு பத்தாது. அதெல்லாம் உக்காந்திருக்குறவுக பேசுறது" என்றார். எனக்குச் சுருக்கென்றது. நாலாம் நாள் கணுக்காலில் சுளுக்கு என்று சொல்லிவிட்டேன்.

பெண் பார்க்க வருவதற்கு முன்னால் எதிர்வீட்டைப் பார்க்க வருவது எங்கள் பக்கத்து வழக்கம். சொந்தக்காரர்கள் மறைப்பதை எதிர்வீட்டுக்காரர் சொல்லிவிடுவார் என்று ஒரு நம்பிக்கை. அக்கா மகள் படிப்பை முடித்த வருடம், போடியிலிருந்து ஒரு குடும்பம் அப்படி விசாரிக்க வந்தது. ஏலக்காய் வியாபாரம், நல்ல இடம். பையனின் போட்டோவைப் பார்த்துவிட்டு அக்கா மகள் தனக்குள் சிரித்தாள் என்பதும், போட்டோவைத் திருப்பித் தரவில்லை என்பதும் எனக்குத் தெரியும். பையனின் பெரியம்மாவும் இன்னொரு பெண்ணும் காரைத் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டு வந்து, என் வாசலில் தண்ணீர் கேட்டார்கள். நான் உட்காரவைத்துக் காப்பி போட்டுக் கொடுத்தேன்.

பெண்ணைப் பற்றிக் கேட்டார்கள். தங்கம் என்றேன். அது உண்மைதான்.

"அம்மா எப்படி?"

"அக்காவா? அவுகளப் போல ஒரு சுறுசுறுப்பான ஆளப் பாக்க முடியாது. வெள்ளன எந்திரிச்சு ஆத்தங்கரை வரைக்கும் நடந்துட்டு வந்துதான் அடுப்பையே பத்தவைப்பாக."

"தெனமுமா?"

"மழை, காத்து எதுக்கும் நிக்க மாட்டாக. ஒரு நாள் தப்பாது."

இரண்டு பெண்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பெரியம்மா காப்பித் தம்ளரைக் கீழே வைத்தார்.

"சுகரா?"

இல்லை என்று எனக்குத் தெரியும். போன வாரம்தான் அக்கா என் வீட்டில் உட்கார்ந்து ஐந்து அதிரசம் தின்றுவிட்டுப் போயிருந்தார். "சேச்சே, சும்மா நடப்பாகம்மா" என்று நான் சொல்லியிருக்க வேண்டும். என் வாயில் வந்தது வேறு.

"அது எனக்குத் தெரியாதுங்க."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று பதிமூன்று வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அதற்கு இரண்டு நாள் முன்னால், தெருக்குழாயடியில் நாலு பேர் இருக்கும்போது, "இந்தப் புள்ளைக்கு ஒடம்புல நாக்கு மட்டுந்தான் நடக்குது" என்று அக்கா என்னைக் கேலி பண்ணியிருந்தார். எல்லோரும் சிரித்தார்கள். அது உள்ளே கிடந்து புகைந்துகொண்டிருந்தது, உண்மைதான். ஆனால் அது மட்டும் இல்லை. நோய் ஒன்றும் இல்லாமல் ஒருத்தி தினம் நடப்பாளா என்று எனக்கே ஒரு சந்தேகம் அடியில் இருந்தது. ஒரு பொம்பளை தன் சந்தோஷத்துக்காக நடக்கிறாள் என்பதை, பக்கத்திலிருந்து பத்து வருடம் பார்த்தும் நான் நம்பவில்லை. சாட்சிகள் 'எனக்குத் தெரியாது' என்று சொன்னதை எத்தனையோ முறை டைப் அடித்தவள் நான். அந்த வார்த்தை ஒரு குடும்பத்தை எங்கே கொண்டுபோய் விடும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை.

நாலு நாள் கழித்துத் தரகர் வந்து சேதி சொன்னார். பெண்ணின் அம்மாவுக்குச் சுகர், நாளைக்குப் பெண்ணுக்கும் வரும், அதனால் வேண்டாம் என்கிறார்கள்.

அக்கா முதலில் சிரித்தார். பிறகு கோபம் வந்து, ரத்தப் பரிசோதனை நிலையத்துக்குப் போய், வெறும் வயிற்றில் ஒரு முறையும் சாப்பிட்டுவிட்டு ஒரு முறையும் ரத்தம் கொடுத்து, ரிசல்ட்டை வாங்கித் தரகரிடம் காட்டினார். தரகர் அதை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, "சந்தேகம் இல்லாமயா தாயி டெஸ்ட் எடுத்தீகன்னு கேப்பாக" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அந்தத் தாளை எடுத்துக்கொண்டு அக்கா நேராக என்னிடம் வந்தார்.

"நீ படிச்சவ. பாத்துச் சொல்லு, எல்லாம் சரியாத்தான இருக்கு?"

"சரியாத்தான்க்கா இருக்கு."

"பெறகு எவ சொல்லியிருப்பா?"

"தெரியலியேக்கா" என்றேன். அந்த வாரத்தில் அது இரண்டாவது தெரியாது.

அண்ணன் சத்தம் போடுகிற மனிதர் இல்லை. "மகளுக்கு முடியட்டும். பெறகு நீ கொடைக்கானலுக்கே நடந்து போ, நான் ஏன்னு கேக்கல" என்று மட்டும் சொன்னார். அக்கா ஷூவைத் துவைத்து, மாடிக் கைப்பிடிச் சுவரில் காயவைத்து, ஒரு பையில் போட்டுப் பரண்மேல் வைத்தார். கொஞ்ச நாள் மொட்டைமாடியில் சாயங்காலம் முன்னும் பின்னுமாக நடந்தார். துணி எடுக்க வந்த பக்கத்து வீட்டுப் பெண், "என்னக்கா, வீட்டோடயே நடக்கச் சொல்லிட்டாகளா டாக்டரு?" என்று அக்கறையாகத்தான் கேட்டாள். அன்றோடு அதுவும் நின்றது. கூடத்துக்கும் அடுப்படிக்கும் இடையில் சும்மா போய்ப் போய் வந்தால், "என்னத்தத் தேடுற?" என்று மாமியார் கேட்பாராம். காலையில் நான் வாசல் தெளிக்கும்போது அவரும் எதிரே தெளித்துக்கொண்டிருப்பார். தெளித்து முடித்த பிறகும் கொஞ்ச நேரம் தெருமுனையைப் பார்த்துக்கொண்டு நிற்பார். நான் குனிந்தபடியே கோலத்தை இழுத்து இழுத்துப் போடுவேன்.

மகளுக்குத் திருப்பூரில் மாப்பிள்ளை அமைய மூன்று வருடம் ஆனது. கல்யாணத்துக்கு மறுவாரம், "இனிமே நடக்க வேண்டியதுதானக்கா" என்று நானே போய்ச் சொன்னேன். இப்போதுதானே சம்பந்தம் ஆகியிருக்கிறது, அவர்கள் காதுக்குப் போனால் என்ன நினைப்பார்கள், ஒரு வருடம் போகட்டும் என்றார். அப்புறம் பேரன் பிறக்கட்டும் என்றார். பேரன் பிறந்து பெயர் வைத்து, ஒருநாள் ஷூவை இறக்கினால் அடிப்பாகம் வெடித்துப் பொடிப்பொடியாகக் கொட்டியது. செருப்போடு போனவர் கால் மணி நேரத்தில் திரும்பி வந்து, முட்டியைப் பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்தார். "காலு மறந்துபோச்சு ஆத்தா" என்றார். உடம்பும் போட்டிருந்தது. மலைக்குச் சோறு சுமந்த கால்கள் அவை. மோர் கொண்டுவந்து கொடுத்தேன்.

ஊர் மாறியது அதற்கப்புறம்தான். ஆற்றங்கரை ரோட்டோரம் நடப்பதற்கென்றே கல் பதித்து, நடுநடுவே பெஞ்சு போட்டார்கள். பேக்கரி மாடியில் ஜிம் வந்தது. கொரோனா வந்து போன பிறகு, காலையில் அந்த ரோட்டைப் பார்த்தால் திருவிழாக் கூட்டம். எத்தனை எட்டு நடந்தோம் என்று கைக்கடிகாரம் கணக்குச் சொல்ல, காதில் பாட்டு ஓட, சுடிதாரும் ஷூவுமாகப் பெண்கள் எங்கள் தெரு வழியாகவே போனார்கள். யாரும் சிரிக்கவில்லை. அக்கா ஜன்னலோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்து அவர்களைப் பார்ப்பார். "பாரு, தூக்கு இல்லாமலே போறாக" என்று ஒருநாள் சொன்னார். பொறாமை இல்லை, குறையும் இல்லை, உண்மையான ஆச்சரியம்.

ஆனால் ஒரு கேள்வி மட்டும் மாறவில்லை. இருபது வயதுக்காரி நடந்தால் ஃபிட்னஸ். நாற்பதைத் தாண்டியவள் நடந்தால், இன்றைக்கும் எதிரே வருகிறவர் கேட்பது அந்த ஒன்றைத்தான்.

நாற்பத்தேழாவது வயதில் எனக்குச் சுகர் வந்தது. உட்கார்ந்தே கிடந்தவளுக்கு வராமல் யாருக்கு வரும்? தினம் நாற்பது நிமிடம் நடக்க வேண்டும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராக அக்காவிடம் போனேன். முருங்கைக் கீரை உருவிக்கொண்டிருந்தார். சொல்லிவிட்டு அழுதேன். அவர் கீரை கிடந்த சுளகைத் தள்ளி வைத்துவிட்டு முதலில் கேட்டது இதுதான்.

"மக சாதகத்த வெளிய குடுத்துட்டீகளா?"

என் மகளுக்கு அப்போது இருபத்து மூன்று வயது. சென்னையில் வேலை. "குடுத்துட்டோம்க்கா. ரெண்டு எடத்துலருந்து கேட்டு விட்டுருக்காக."

"அப்பத் தனியாப் போகாத. நானும் வாரேன்."

"ஒங்க முட்டி?"

"முட்டி கெடக்கு" என்றார்.

மறுநாளிலிருந்து முட்டிக்குப் பெல்ட் கட்டிக்கொண்டு வந்தார். ஒவ்வொரு பெஞ்சுக்கும் உட்கார்ந்து எழுந்துதான் நடக்க முடிந்தது. ஒரு காலத்தில் நான் அவர் பின்னால் ஓட வேண்டியிருந்தது, இப்போது அவருக்காக நான் நின்று நின்று போனேன். நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ, எதிரே ரிட்டயர்டு டீச்சர் ஒருவர் வந்தார். ஊரில் பாதிச் சம்பந்தங்களுக்கு அவர்தான் விசாரிக்கிற இடம்.

"என்ன, ஜோடி போட்டுக் கெளம்பிட்டீக? சுகரா?"

அக்கா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"எனக்குத்தான் டீச்சர். ரெண்டு வருசமாச்சு. தனியாப் போனா கண்ணக் கட்டிக்கிட்டு வருது. அதான் இந்தப் புள்ளயத் தொணைக்கு இழுத்துட்டு வாரேன்."

"ஆமா, நீங்க அந்தக் காலத்துலயே நடப்பீகளே. அப்பவே இருந்துருக்கும்" என்றார் டீச்சர்.

"இருந்துருக்கும்" என்றார் அக்கா.

ஒரு காலத்தில் பரிசோதனைத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு எந்த நோய் தனக்கு இல்லை இல்லை என்று அலைந்தாரோ, அந்த நோயை என் மகளுக்காக அவராகவே வாங்கித் தலையில் வைத்துக்கொண்டார். நான் பக்கத்தில்தான் நின்றேன். வாயைத் திறக்கவில்லை. டீச்சர் போன பிறகு, "நட. நின்னா முட்டி புடிச்சுக்கிரும்" என்று அக்கா முன்னால் போனார்.

அப்படி ஏழு மாதம் வந்தார். எத்தனை பேர் கேட்டார்களோ, அத்தனை பேருக்கும் அதே பதில்தான். போகப் போக மாத்திரை, பத்தியம் என்று விவரமெல்லாம் சேர்த்துச் சொல்லத் தொடங்கினார். என் மகளுக்கு நிச்சயமாகி, கல்யாணமும் நல்லபடியாக முடிந்தது. பந்தல் பிரித்த மறுநாள் காலை, வழக்கம்போல அவர் வாசலில் போய் நின்றேன். பெல்ட் கட்டாமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"நீ போயிட்டு வா ஆத்தா. இனிமே தனியாப் போகலாம்ல? யாரு கேட்டா என்ன?" என்றார். முட்டி சரியில்லாத மனுஷி ஏழு மாதம் எதற்காக என்னோடு வந்தார் என்பது அப்போதுதான் எனக்கு முழுசாக உறைத்தது.

போடிக்காரர்களிடம் அன்றைக்கு என்ன சொன்னேன் என்பதை அவரிடம் அந்தக் காலையிலேயே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அடுத்த வருடம் அண்ணன் தவறிப்போனார். கடையை மூடிவிட்டு அக்கா, மகளோடு இருக்கத் திருப்பூருக்குப் போய்விட்டார். மூன்றாவது மாடியாம், கீழே இறங்குவதே அபூர்வமாம். போனில் பேசுகிறோம். ஒவ்வொரு முறையும் சொல்லிவிடலாம் என்று வாயெடுப்பேன், அவர் என் மகளைப் பற்றிக் கேட்டுவிடுவார். அவருக்கு முன்பே தெரிந்திருக்குமோ என்றும் சில நாள் தோன்றும். தெரியாமல் வந்திருந்தால் அது ஒரு கடன். தெரிந்தே வந்திருந்தார் என்றால் அதை என்னால் நினைத்துப் பார்க்கவும் முடியவில்லை.

நான் இப்போதும் நடக்கிறேன். போன மாதம் அதே டீச்சர் எதிரே வந்து நிறுத்தினார்.

"ஒங்க அக்கா எப்படி இருக்காக? பாவம், திருப்பூர்ல சுகருக்கு நல்ல டாக்டராப் பாக்குறாகளா?"

"டீச்சர், அக்காவுக்குச் சுகரே கெடையாது. அப்பவும் கெடையாது, இப்பவும் கெடையாது. எனக்குத்தான் இருக்கு."

டீச்சர் என் கையைத் தட்டிச் சிரித்தார். "சும்மா இரு. அவுக வாயாலயே சொன்னாக. நீயும் பக்கத்துலதான நின்ன?"

"ஆமா டீச்சர், நின்னேன்" என்றேன்.